கிரய ஒப்பந்தத்தில் கெடு தேதி: வடசென்னையில் வீடு வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"இன்றைய தேதியிலிருந்து மூன்று மாத காலத்திற்குள் மீதிக் கிரயத் தொகையைச் செலுத்தி, தங்கள் சொந்தச் செலவில் கிரயப் பத்திரம் பதிவு செய்துகொள்ள வேண்டியது." ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பத்திர எழுத்தர்களிடம் எழுதப்படும் பெரும்பாலான கிரய ஒப்பந்தங்களில் ஏறக்குறைய இந்த வாக்கியமே இருக்கும். விலையைப் பேசி முடிக்க மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள், இந்த ஒரு வரியை மூன்று நிமிடத்தில் கடந்துவிடுகின்றன. உறவினர்களுக்கும் தெருவாருக்கும் பத்திர வேலைகளில் பல ஆண்டுகளாகத் துணை நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: விலையால் முறிந்த பேரங்களைவிட, இந்த வரியில் யாரும் கணக்குப் பார்க்காமல் எழுதிய காலக்கெடுவால் முறிந்த பேரங்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே, அந்தத் தேதியை எப்படிக் கணக்கிடுவது, எப்படி எழுதுவது, அது தவறினால் என்ன செய்வது என்பதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

கெடு தேதிக்குச் சட்டத்தில் உள்ள இடம்

அக்ரிமென்ட் போட்டுவிட்டால் வீடு பாதி நம்முடையது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் அந்தச் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் உங்களுக்குத் தருவது, குறித்த காலத்துக்குள் கிரயப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்கும் உரிமையை மட்டுமே. அந்த உரிமை எந்த நாள் வரை வலுவாக இருக்கிறது, எந்த நாளுக்குப் பிறகு அதற்காக வாதாட வேண்டியிருக்கிறது என்பதைப் பிரிக்கும் கோடுதான் கெடு தேதி.

அந்தக் கோடு எவ்வளவு கண்டிப்பானது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, காலமே ஒப்பந்தத்தின் சாரம் என்று இரு தரப்பும் கருதியிருந்தால், கெடுவைத் தவறவிட்டவருக்கு எதிராக மற்றவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். அப்படிக் கருதியிருக்கவில்லை என்றால், தாமதத்துக்கான இழப்பீட்டை மட்டுமே கேட்கலாம். வீடு, மனை போன்ற அசையாச் சொத்துகளில் காலம் சாரம் என்று தானாகவே ஊகித்துவிடக் கூடாது, ஒப்பந்தத்தின் சொற்களையும் சூழலையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறியது. இதைக் கேட்டு, "கெடு ஒரு சம்பிரதாயம்தானே" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1997-இல் மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் வேறு ஒரு பாடத்தைத் தந்தது. அறுபதாயிரம் ரூபாய் விலை பேசி, ஐயாயிரம் மட்டும் முன்பணம் கொடுத்து, ஆறு மாதக் கெடு எழுதிய வாங்குபவர், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சும்மா இருந்துவிட்டு வந்து கிரயம் கேட்டார். இடையில் மதுரையில் விலை பல மடங்கு ஏறியிருந்தது. காலம் சாரமாக இல்லாவிட்டாலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய கெடுவுக்குப் பொருள் உண்டு என்று கூறி, அவருக்குக் கிரயம் தர நீதிமன்றம் மறுத்தது. 2011-இல் தமிழ்நாட்டு நிலம் ஒன்றைப் பற்றிய தீர்ப்பில், விலைவாசி வேகமாக ஏறும் இக்காலத்தில் பழைய தளர்வான பார்வையையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற கருத்தும் பதிவாயிற்று.

இந்தத் தீர்ப்புகளை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ தடம் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. அதன் பிறகு புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், திருவொற்றியூர்ப் பக்கம் வீடு விற்பவர்களின் எதிர்பார்ப்பு மாறிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் பேசிய விலை இன்று குறைவாகத் தோன்றும் இடத்தில், விற்பவர் தேடும் முதல் காரணம் வாங்குபவர் தவறவிட்ட கெடுவாகத்தான் இருக்கும்.

முதல் படி: பின்னோக்கி எண்ணுங்கள்

"மூணு மாசம் போட்டுக்கலாமா?" என்று பத்திர எழுத்தர் கேட்கும்போது தலையசைப்பதற்கு முன், கிரயம் நடக்க வேண்டிய நாளில் மேசை மீது என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று பின்னோக்கி எண்ண வேண்டும். வழிகாட்டியின் மற்றெல்லாப் பகுதிகளையும்விட இதற்கே நான் அதிக இடம் தருகிறேன், ஏனெனில் இங்கே நடக்கும் தவறைப் பின்னால் எந்த வாசகத்தாலும் சரிசெய்ய முடிவதில்லை.

முதலில் விற்பவர் பக்கத்துப் பத்திரங்கள். வீட்டின் மேல் விற்பவருக்கு வங்கிக் கடன் இருந்தால், மூலப் பத்திரங்கள் அவர் கையில் இல்லை. கடனை முழுமையாக அடைத்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதாவது விதிப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், கடன் அடைக்கும் நாளுக்கும் பத்திரம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே ஒரு மாதம் போகலாம். அத்துடன், கடனுக்காகப் பதிவு செய்த உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரத்துக்கு (மூலப் பத்திரங்களை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததைச் சொல்லும் ஆவணம்) கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகி, அது வில்லங்கச் சான்றில், அதாவது சொத்தின் மீது பதிவான ஆவணங்களைக் காட்டும் சான்றில், ஏற வேண்டும். பெரும்பாலும் விற்பவர் உங்கள் முன்பணத்தைக் கொண்டுதான் அந்தக் கடனை அடைக்கப் போகிறார் என்பதால், ஒப்பந்த நாளிலிருந்தே இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

அடுத்தது குடும்பம். பழைய வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் தாத்தா பெயரில் பத்திரமும், அப்பா பெயரில் வீட்டு வரியும், அண்ணன் தம்பிகள் குடியிருப்புமாக இருக்கும் வீடுகள் ஏராளம். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பட்டா பெயர் மாற்றம் ஆகியவற்றுக்காகத் தண்டையார்பேட்டை அல்லது திருவொற்றியூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருந்தால், அந்த நாட்களையும் சேர்த்தே எண்ணுங்கள். திருமணமாகிப் போன பெண் பிள்ளைகள் கையெழுத்துப் போட வருவார்களா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே நேரில் கேட்டுவிடுவது நல்லது. கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது "அக்காகிட்ட இன்னும் சொல்லலீங்க" என்ற வார்த்தையைக் கேட்டு உறைந்துபோன குடும்பத்தை நான் அறிவேன். வாரிசுகளில் மைனர் இருந்து, அவர் பங்குக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும் நிலை வந்தால், மாதக் கணக்கில் கெடு எழுதுவதே வீண். அனுமதி கிடைத்த நாளிலிருந்து இத்தனை நாள் என்றுதான் எழுத வேண்டும். ஒரு வாரிசு வெளிநாட்டில் இருந்து, பவர், அதாவது தம் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம், அனுப்பப் போகிறார் என்றால், அந்தப் பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும் என்பதையும், பதிவு நாளில் அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற அண்மைத் தேதியிட்ட சான்று கேட்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவது குடியிருப்பவர். வடசென்னையில் இதுவே கெடுவை அதிகம் உடைக்கும் காரணம் என்பது என் அனுபவம். மேல் மாடியில் ஒரு குடும்பம் ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து லீஸில், அதாவது போக்கியத்துக்கு இருக்கும். வீட்டுக்காரருக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தர உங்கள் மீதித் தொகை வேண்டும். உங்களுக்கோ வீடு காலியானால்தான் மீதித் தொகை கொடுக்க மனம் வரும். லீஸ்காரருக்கோ பணம் கைக்கு வந்தால்தான் அடுத்த வீடு பார்க்க முடியும். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கெடு தேதி அமைதியாகக் கடந்து போகிறது. இதற்கு வழி, போக்கியத் தொகையை மீதிக் கிரயத்திலிருந்து தனியே பிரித்து, இன்ன தேதியில் லீஸ்காரருக்கு நேரடியாக வங்கி மூலம் செலுத்தப்படும், அவர் இன்ன தேதிக்குள் சாவியை ஒப்படைப்பார் என்று லீஸ்காரரையும் கையெழுத்திட வைத்து எழுதிக்கொள்வதே. ஒப்பந்தத்துக்கு முன்பே அவரை நேரில் பார்த்துப் பேசுங்கள். அவர் பிள்ளைகளுக்குப் பள்ளித் தேர்வு எப்போது என்று கேளுங்கள். ஏப்ரலுக்கு முன் காலி செய்யச் சொன்னால் எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார்.

நான்காவது உங்கள் வங்கி. சட்ட ஆலோசகர் கருத்து, மதிப்பீட்டாளர் பார்வை, அனுமதிக் கடிதம் என்று எல்லாம் தடையின்றிப் போனால் ஆறு வாரத்துக்குள் முடியலாம். ஆனால் வங்கி வழக்கறிஞர் முப்பது ஆண்டுக்கான வில்லங்கத்தைப் பார்த்து, நடுவில் ஒரு பத்திரம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். குடிசை மாற்று வாரியம் (இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) ஒதுக்கிய மனையாக இருந்து, வாரியம் இன்னும் கிரயப் பத்திரம் தராதிருந்தால், அந்தப் பத்திரம் வரும் வரை கடனும் இல்லை, கெடுவும் இல்லை. திருவொற்றியூர் போன்ற பழங்கோயில் ஊர்களில் மனை கோயில் நிலத்தைச் சேர்ந்ததா என்று முதலிலேயே பாருங்கள். பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவின்படி, உரிய அனுமதியின்றி அத்தகைய நிலப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்யவே மாட்டார்.

கடைசியாகப் பஞ்சாங்கம். இதைச் சொல்ல நான் தயங்கவில்லை. ஏப்ரல் 10-இல் ஒப்பந்தம் போட்டு மூன்று மாதக் கெடு எழுதினால் அது ஜூலை 10-இல் முடிகிறது. வங்கி ஒரே ஒரு வாரம் தாமதித்தால் ஆடி பிறந்துவிடும். விற்பவர் வீட்டுப் பெரியவர்கள் "ஆடி கழியட்டும்" என்பார்கள். ஆவணி பிறக்க ஆகஸ்ட் மத்தி ஆகிவிடும். ஒரு வாரத் தாமதம் ஐந்து வாரமாக வளர்ந்துவிட்டது. நீங்கள் நாள் பார்ப்பவராக இல்லாவிட்டாலும், எதிர்த்தரப்பு பார்க்கும் என்றால் அது உங்கள் கணக்கிலும் சேரும். சுபமுகூர்த்த நாட்களில் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் ஒதுக்குவது வழக்கம் என்றாலும், அந்நாட்களில் கூட்டமும் அதிகம். ஆகவே கெடு தேதி ஆடி, மார்கழி இரண்டுக்கும் குறைந்தது மூன்று வாரம் தள்ளி நிற்கும்படி வையுங்கள்.

இவற்றையெல்லாம் எண்ணிய பிறகு, மிக நீண்ட தனி வேலைக்கு ஆகும் நாட்களுடன் 30 நாள் சேர்த்து எழுதுவதே நான் சொல்லும் அளவு. வங்கிக் கடனும் லீஸ் குடியிருப்பும் சேர்ந்து இருக்கும் வீட்டுக்கு மூன்று மாதம் போதாது. ஐந்து மாதம் கேளுங்கள்.

இரண்டாம் படி: கெடு நாளன்று கையில் இருக்க வேண்டிய பணம்

அறுபது லட்சம் ரூபாய்க்கு வீடு பேசியதாக வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வங்கி தரக்கூடிய உச்ச அளவு சொத்து மதிப்பில் 80 சதவீதம். ஆக 48 லட்சம். உங்கள் பங்கு 12 லட்சம். அதில் 6 லட்சம் முன்பணமாகக் கொடுத்துவிட்டீர்கள். மீதி 6 லட்சம்தானே என்று நினைத்தால் தவறு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் என்பது 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள அளவு. அறுபது லட்சத்துக்கு அது 5 லட்சத்து 40 ஆயிரம். ஆகவே கெடு நாளில் சொந்தக் கையிலிருந்து 11 லட்சத்து 40 ஆயிரம் புரட்ட வேண்டும். அரசு வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) நீங்கள் பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால், அதன் மீதே கட்டணம் கணக்கிடப்படும்; ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் இடையே அந்த மதிப்பு உயர்ந்தால் உயர்ந்த மதிப்பே பொருந்தும். நீண்ட கெடு கேட்பவர் இந்த அபாயத்தையும் எண்ணியே கேட்க வேண்டும்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், ஒவ்வொரு தவணையிலும், முன்பணம் உட்பட, 1 சதவீத வருமான வரியை வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். அதற்கு முன்கூட்டியே ஆடிட்டரைப் பாருங்கள். முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்பது வருமான வரிச் சட்டத்தின் விதி. வங்கி வழியாகக் கொடுத்த பணம், வழக்கு என்று வந்தால் நீங்கள் தயாராக இருந்தீர்கள் என்பதற்கான முதல் சாட்சியாகவும் அமையும்.

மூன்றாம் படி: வாசகத்தை எழுதுவது

மாதக் கணக்கில் எழுதாதீர்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் எழுத்தாலும் எண்ணாலும் எழுதச் சொல்லுங்கள். அன்று பதிவு அலுவலகம் விடுமுறையாக இருந்தாலோ, இணையத்தளம் இயங்காவிட்டாலோ அடுத்த வேலை நாள் கெடு நாளாகும் என்ற ஒரு வரியைச் சேருங்கள்.

அதைவிட முக்கியமானது, யார் முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசை. வெறும் கெடு மட்டும் இருக்கும் ஒப்பந்தத்தில், "நீங்கள் பணம் கொண்டுவரவில்லை" என்று ஒருவரும், "நீங்கள் பத்திரம் காட்டவில்லை" என்று மற்றவரும் சொல்லிக்கொண்டே இருக்கலாம். கீழ்க்கண்டது போன்ற வாசகத்தை நான் விரும்புகிறேன்:

"விற்பவர் தமது வங்கிக் கடனை இன்ன தேதிக்குள் தீர்த்து, மூலப் பத்திரங்களையும் ரசீதுப் பத்திரத்தையும் இன்ன தேதிக்குள் வாங்குபவரிடம் காட்ட வேண்டியது. அவ்வாறு காட்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வாங்குபவர் மீதிக் கிரயத் தொகையைச் செலுத்திக் கிரயம் பெற வேண்டியது. எவ்வாறாயினும் இன்ன தேதியே இறுதிக் கெடு. விற்பவரின் பக்கத்தில் ஏற்படும் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் இறுதிக் கெடு அத்தனை நாள் தானாகவே நீளும்."

"காலமே இவ்வொப்பந்தத்தின் சாரம்" என்ற வரியைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். நீங்கள் விற்பவர், அந்தப் பணத்தைக் கொண்டு வேறு வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் சேருங்கள், ஏன் சேர்க்கிறீர்கள் என்ற காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். வங்கிக் கடனை நம்பி வாங்குபவராக இருந்தால், மேற்கண்ட தானியங்கி நீட்டிப்பு இல்லாமல் அந்த வரிக்குக் கையெழுத்திடாதீர்கள்.

தவறினால் என்ன என்பதையும் எழுத வேண்டும். வாங்குபவர் தவறினால் முன்பணம் முழுவதும் போய்விடும் என்று எழுதினாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கும். எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. விற்பவர் தவறினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவார் என்ற வரிக்கும் இதே விதிதான். ஆகவே பெரிய எண்களை எழுதி ஒருவரையொருவர் பயமுறுத்துவதைவிட, விலையில் ஐந்து சதவீதம் போன்ற நியாயமான ஒரு தொகையை எழுதுவது வழக்கில் நிற்கும். வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் என்ன என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் எழுதுங்கள். அதைச் சொல்லாமல் விட்ட ஒப்பந்தத்தில், கடன் கிடைக்காதது வாங்குபவரின் தவறாகவே கருதப்படும்.

நான்காம் படி: ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தம் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டிய ஆவணம். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் கூறியிருந்தாலும், அந்த ஆறுதலை நம்பிப் பதிவைத் தவிர்க்காதீர்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். இரண்டாவதாக வாங்க வருபவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. பதிவுக் கட்டணம் முன்பணத்தின் மீது 1 சதவீதம்தான். ஒப்பந்தத்திலேயே வீட்டை ஒப்படைப்பதாக எழுதினால் மொத்த விலையின் மீது கணக்கிடுவார்கள் என்பதால், சாவியைக் கிரய நாளுக்கு விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: இடைக்காலத்தில் சும்மா இருக்கக் கூடாது

1963-ஆம் ஆண்டின் குறித்த வகை நிவாரணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கிரயம் கேட்டு வழக்குப் போடுபவர் தொடக்கம் முதல் தாம் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்கிறது. மதுரை வழக்கில் வாங்குபவர் தோற்றது இந்த மௌனத்தால்தான். ஆகவே கடன் அனுமதிக் கடிதம் வந்த அன்றே அதன் நகலை விற்பவருக்கு வாட்ஸ்அப்பிலும் விரைவுத் தபாலிலும் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு, "நான் பணத்துடன் தயார், இன்ன பத்திரங்களை இன்ன தேதிக்குள் தாருங்கள்" என்று ஒரு கடிதம் எழுதுங்கள். வார்த்தை மரியாதையாக இருக்கட்டும். அண்ணே, அக்கா என்று பழகிய உறவை ஒரு கடிதம் கெடுக்காது. கடிதம் எழுதாமல் விட்ட மனஸ்தாபங்களே பின்னால் கோர்ட்டு வாசலில் நிற்கின்றன. பதிவுக்கு முந்தைய வாரம் ஒருமுறையும், முந்தைய நாள் ஒருமுறையும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

ஆறாம் படி: கெடுவை நீட்டிப்பது

வாய்ச்சொல்லால் நீட்டிய கெடு, நினைவு இருக்கும் வரைதான் நிற்கும். ஒப்பந்தத்தின் பின்பக்கத்திலோ தனித் தாளிலோ இரு தரப்பும், எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுப் புதிய தேதியை எழுதுங்கள். பதிவான ஒப்பந்தமாக இருந்தால் நீட்டிப்பையும் பதிவு செய்வதே உத்தமம். எதனால் நீட்டிக்கப்படுகிறது, யார் பக்கத்துத் தாமதம் என்பதை ஒரு வரியில் சேருங்கள். நீட்டிப்புக்காகக் கூடுதல் பணம் கேட்கப்பட்டால், அது விலையில் சேருமா தனித் தொகையா என்பதைத் தெளிவாக்குங்கள். ஒரு தரப்பு மட்டும் கையெழுத்திட்ட நீட்டிப்பு நீட்டிப்பே அன்று.

ஏழாம் படி: கிரய நாள்

ராயபுரமோ திருவொற்றியூரோ செம்பியமோ மாதவரமோ, சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் வருகிறது என்று முன்பே உறுதி செய்து, பதிவுத்துறை இணையத்தளத்தில் கெடுவுக்கு ஒரு வாரமாவது முந்தைய நாளுக்கு டோக்கன் எடுங்கள். கடைசி நாளுக்கு எடுத்த டோக்கன், ஒரு காய்ச்சலாலோ சர்வர் கோளாறாலோ வீணாகிவிடும். வங்கியின் வரைவோலை, பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

மூலப் பத்திரங்கள், தாய்ப் பத்திரங்கள் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரங்கள்), சொத்து வரி ரசீது, குடிநீர் வாரிய ரசீது, மின் கட்டண அட்டை, சாவி ஆகியவை கைமாறும்போது ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சொத்து வரி அரையாண்டுகள் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குவதால், கிரய நாள் வரையிலான வரி யாருடையது என்பதை அந்தப் பட்டியலிலேயே முடித்துவிடுங்கள். வீடு இன்னும் காலியாகாத நிலையில் கிரயம் முடிக்க நேர்ந்தால், ஒரு பகுதித் தொகையை நிறுத்திவைத்து, சாவி ஒப்படைக்கும் தேதியுடன் தனி உடன்பாடு எழுதுங்கள்.

எட்டாம் படி: கெடு கடந்துவிட்டால்

நீங்கள் வாங்குபவர், விற்பவர் இழுத்தடிக்கிறார் என்றால், கெடு நாளன்று நீங்கள் பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். டோக்கன் நகல், வாங்கிய முத்திரைத்தாள், வங்கி இருப்புச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த சில நாட்களுக்குள் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். வரையறைச் சட்டத்தின் 54-ஆம் கூறின்படி, ஒப்பந்தத்தில் தேதி குறிக்கப்பட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். தேதி குறிக்கப்படாவிட்டால், விற்பவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ஆனால் மூன்று ஆண்டு இருக்கிறதே என்று காத்திருப்பவரை நீதிமன்றம் ஆதரிப்பதில்லை. மாதங்களுக்குள் நகர வேண்டும். வழக்கில் கிரயத்தைக் கேட்பதுடன், அது கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவும் தனியே கோர வேண்டும், கோராததை நீதிமன்றம் தராது என்று குறித்த வகை நிவாரணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்குபவர் பக்கம் தவறில்லாதவரை, கொடுத்த முன்பணத்துக்கு அந்த வீட்டின் மீதே ஒரு பற்று, அதாவது அந்தத் தொகைக்கு வீட்டையே ஈடாகக் கொள்ளும் உரிமை, உண்டு என்பதும் சொத்து மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது.

நீங்கள் விற்பவர், வாங்குபவர் வரவில்லை என்றால், உடனே அடுத்தவரிடம் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். நியாயமான அவகாசம் கொடுத்து, இன்ன தேதிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும் என்று எழுத்தில் அறிவியுங்கள். அந்த அறிவிப்பு அனுப்பிய பிறகும் பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் அப்படியே நிற்கும். அது நிற்கும்வரை எந்த வங்கியும் புதியவருக்குக் கடன் தராது. ஆகவே பழைய வாங்குபவரை அழைத்துப் பேசி, திருப்பித் தர வேண்டிய தொகையை முடிவு செய்து, அதற்கான வரைவோலையை எடுத்துக்கொண்டு, அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் சேர்ந்து ரத்துப் பத்திரம் பதிவு செய்யுங்கள். வாங்குபவர் அந்த வரைவோலையைக் கையில் வாங்கிப் பெயரையும் தொகையையும் சரிபார்த்த பிறகே ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். விற்பவர், ரத்து வில்லங்கச் சான்றில் ஏறியதைப் பார்த்த பிறகே அடுத்தவருடன் புதிய கெடு பேச வேண்டும்.